மூச்சளித்த கைகள்

எரியும் தீயைக் கண்டு மகிழ்வோர் பலர். அத்தீயைத் தாங்கி நிற்கும் பொருளை நோக்குவோர் சிலர். அப்பொருளைச் செய்த கைகளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

ஆண்டு முழுவதும் வெம்மை குறையாத நாட்டில் வாழ்வோர்க்குக் கணப்பு என்பது ஏட்டில் மட்டும் அறிந்த பொருள். பிரான்சு நாட்டிலோ, முற்காலத்தில் கடுங்குளிரைக் கடத்தச் சுவரில் அமைந்த கணப்பே பெருந்துணை. அதனுள் விறகை வெறுந்தரையில் கிடத்தினால் புகை மண்டுமேயன்றித் தீ செழிக்காது. ஆகவே, இரும்புத் தாங்கிகள் இரண்டினை இணையாக நிறுத்தி, அவற்றின்மேல் கட்டைகளை அடுக்கினர். அடியில் இடைவெளி கிடைத்தது, காற்றுப் புகுந்தது, தீ மூச்சு விட்டது. மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டிய தமிழ் மூதாட்டியும் அறிந்திருந்த உண்மைதான் இது.

இத்தாங்கியைப் பிரெஞ்சு மக்கள் 'செனே' என்பர். நாயைக் குறிக்கும் சொல்லின் வழிவந்த பெயர் அது. பழைய தாங்கிகள் நாயின் வடிவம் தாங்கி நின்றமையே காரணம் என்பர்.

1738இல் எர்குலேனியமும், 1748இல் பொம்பெயியும் அகழப்படத் தொடங்கின. மண்ணுள் புதைந்து கிடந்த உரோமானியக் கலை வெளிப்பட்டதும், ஐரோப்பியரின் சுவை பழமையை நாடித் திரும்பியது. பதினாறாம் லூயி அரியணை ஏறிய 1774ஆம் ஆண்டளவில், பிரெஞ்சுக் கணப்புத் தாங்கியின் முகப்பிலும் தூண்களும் தாழிகளும் இலைமாலைகளும் இடம்பெற்றிருந்தன. அரண்மனைகளில் அம்முகப்பு பொன்முலாம் பூசிய வெண்கலம். ஏனைய இல்லங்களில் துலக்கிய பித்தளை. ஆயினும் விறகைச் சுமக்கும் பின்தண்டு எங்கும் இரும்பே. பித்தளையோ 900 பாகை செல்சியசைக் கடந்ததும் உருகத் தொடங்கும். இரும்பு உருகுவதற்கு 1,500 பாகைக்கு மேல் வேண்டும். முன்னே நின்று ஒளிர்வது ஒன்று. பின்னே நின்று வெந்து சுமப்பது மற்றொன்று!

அரசி மரி அந்துவானெத்தின் போந்தென்புளோ அரண்மனை அறைக்கென, 1777இல் பியேர் கூட்டியேர் என்னும் பொற்பூச்சுக் கலைஞர் ஓரிணைத் தாங்கிகள் செய்தார். ஒட்டகங்கள் அமர்ந்திருக்கும் அத்தாங்கிகள் இன்று பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றின் பொன்னழகைக் காண்போர், அப்பொன் எவ்வாறு ஏறியது என்று வினவுவதுண்டோ?

பொன்னைப் பாதரசத்தில் கலந்து பசையாக்கி, வெண்கலத்தின்மேல் பூசித் தீயில் காட்டுவர். பாதரசம் ஆவியாகிப் பறந்துவிடும்; பொன் ஒட்டி நிற்கும். பறந்த ஆவியோ தொழிலாளரின் மூச்சில் கலந்தது. கைகள் நடுங்கின, பற்கள் ஆடி விழுந்தன, வாழ்நாள் குறுகியது. தீக்கு நல்ல காற்றை அளிக்கும் கருவியைச் செய்தோர்க்கு நல்ல காற்று வாய்க்கவில்லை. அரண்மனைகளை அழகு செய்த கூட்டியேரும் 1813இல் வறுமையிலேயே மறைந்தார்.

அடுத்த ஆண்டு மறைந்த வெண்கலக் கலைஞர் ராவ்ரியோ, இக்கொடுமையை நேரில் கண்டவர். பொற்பூச்சுத் தொழிலாளரைப் பாதரச நஞ்சினின்று காக்க வழி காண்போர்க்குப் பரிசளிக்குமாறு 3,000 பிராங்கினைத் தம் இறுதிமுறியில் எழுதி வைத்தார். 1818இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் அப்பரிசை வேதியியல் அறிஞர் தார்சேக்கு வழங்கியது. அவர் கண்ட வழி யாது? புகைபோக்கியினுள் தனியே ஒரு சிற்றுலை மூட்டினார். சூடேறிய காற்று விரைந்து மேலெழுந்தது. எழும்போது நச்சாவியையும் உடன் இழுத்துச் சென்றது. கணப்பில் தீயை வாழவைத்த அதே காற்றோட்டம், பட்டறையில் மனிதரை வாழவைக்க வந்தது. 1840களுக்குப் பின் மின்னாற்றலால் முலாம் பூசும் முறை பரவியபோது, பாதரசத்தின் பிடி மேலும் தளர்ந்தது.

தீயைத் தாங்கும் கருவிக்குக் காற்று வேண்டும் என்பதை மனிதன் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்தான். அக்கருவியைச் செய்யும் தொழிலாளிக்கும் அது வேண்டும் என்பதை உணர்வதற்கோ, தம் கூடத்தில் உழைத்தோரின் நடுங்கும் கைகளை நினைந்த ஒருவரின் இறுதிமுறி தேவைப்பட்டது. அழகைப் போற்றுதல் கலையுணர்வு. அதனைப் படைத்தவரின் மூச்சைக் காத்தல் அன்றோ அறம்!