தொட்டுக் குணமாக்கும் கலை

நெறிவு, முறிவு, சுளுக்கு என்றால் பரியாரியாரிடம் செல்வது நம் தீவகத்தின் நெடுநாள் வழக்கம். எண்ணெயிட்டு உருவும் அவர் விரல்கள், நோவுள்ள இடத்தை நாம் சொல்லுமுன்னே கண்டுகொள்ளும். தந்தையிடமிருந்து மகன் கற்ற இத்தகைய கலை, இன்று கடல் கடந்த நாடுகளில் கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறும் படிப்பாகிவிட்டது.

நம்மிடம் பயின்று வெளிநாடு சென்ற நயினாதீவு மாணவி ஒருத்தி, "சேர், கிரானியோசேக்கிரல் சிகிச்சையையும் சீன வைத்தியத்தையும் இணைத்துக் கற்பிக்கிறார்கள். சேரலாமா? கட்டணம் அதிகம்" என்று எழுதிக் கேட்டிருந்தாள். நாம் மருத்துவர் அல்லோம். எனினும் மாணவி கேட்டபின் வாளாவிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று, தேடிப் படித்தோம்.

மண்டையோட்டெலும்புகள் நுண்ணிதாக அசைகின்றன என்று கருதிய அமெரிக்கர் வில்லியம் சதர்லாந்து 1939இல் தம் நூலை வெளியிட்டார். 1970களில் ஜோன் அப்லெட்ஜர் அக்கருத்தை விரித்து இச்சிகிச்சையை வகுத்தார். மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீருக்கு, இதயத் துடிப்பும் மூச்சும் அல்லாத தனித்தாளம் ஒன்று உண்டாம். தலையிலும் முதுகெலும்பின் அடியிலும் ஐந்து கிராம் பாரமளவே கைவைத்து அதனை உணரலாமாம். சீன வைத்தியமோ, 'சீ' என்னும் உயிராற்றல் உடலின் தடங்கள் வழியே ஓடுவதாகக் கொண்டு, அத்தடங்களில் 361 புள்ளிகளை வகுத்திருக்கிறது. சீன வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பர். நம் சித்த வைத்தியரும் அவ்வாறே மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் அறிவர். விரல் வைக்கும் இடம் ஒன்று. கொள்ளும் பொருளோ வேறு.

இரண்டு முறைகளும் ஏதோ ஓர் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. ஆதலால் இரண்டும் ஒன்றே என்பர் இணைப்பவர். இது நமக்கு உடன்பாடன்று. ஆறும் ஓடும், வதந்தியும் ஓடும்! 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற மூவர் பன்னிரண்டு பேரைத் தனித்தனியே தொட்டு அத்தாளத்தை எண்ணினர். ஒருவர் எண்ணியது மற்றவர் எண்ணியதோடு ஒத்துவரவில்லை. அமைதியான அறையில் ஒருவர் பரிவோடு தலையைத் தாங்கியிருக்க, மனமும் தசையும் தளர்ந்து நோவு குறைதல் கூடும். அதனை மறுப்போம் அல்லோம். ஆனால் அது தாளத்துக்குச் சான்றாகாது.

ஆகவே மாணவிக்கு இரண்டு வினாக்களை எழுதி அனுப்பினோம். ஒரே உடலை இரண்டு மாணவர் தனித்தனியே தொட்டுக் கண்டதை அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பார்களா? கையை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்?

இரண்டாவது வினா தீவகத்தாருக்கு உயிர்ப்பிரச்சினை. திடீரென வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறுகின்றது என்று வைத்துக்கொள்வோம். மூளையின் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணிக்குள் ஏற்றவேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்பால் யாழ்ப்பாணம் வரை தரைவழி. கடல் கொந்தளித்தால் கணக்கு வேறு. மூளையில் இரத்தப்பெருக்கு உள்ளவரைத் தொடலாகாது என்று கிரானியோசேக்கிரல் ஆசிரியர்களே விதித்திருக்கின்றனர். ஆயின் உள்ளே இருப்பது பெருக்கா, அடைப்பா என்பதை எவர் விரலும் அறியாது. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடித்தே அறிதல் வேண்டும்.

நெடுந்தீவில் நாம் கண்ட முதிய பரியாரியார் ஒருவர் இதனை எந்தப் படிப்பிலும் கற்றவரல்லர். தம்மிடம் கொண்டுவரப்பட்ட ஒருவரின் முகத்தைப் பார்த்ததுமே எண்ணெய்ச் சட்டியை அப்பால் வைத்துவிட்டு, "இது என்ர கையில இல்லை, வள்ளத்தைப் பிடியுங்கோ" என்றார்.