திருக்குறுங்குடியில் காத்திருந்த பிரம்மராட்சசு

திருநெல்வேலிக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், மகேந்திரகிரியின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது திருக்குறுங்குடி. வள்ளியூரில் இறங்கி மேற்கே திரும்பினால் வயல்களும் வாழைத் தோட்டங்களும் தொடர்ந்து வர, அவற்றின் பின்னே மலை உயர்ந்துகொண்டே போகும். நின்ற நம்பி, இருந்த நம்பி, கிடந்த நம்பி, திருப்பாற்கடல் நம்பி, மலைமேல் திருமலை நம்பி என ஐந்து திருக்கோலங்களில் எம்பெருமான் இங்கே சேவை சாதிக்கிறார். திருமங்கையாழ்வார் பரமபதம் எய்திய தலமும் இதுவே.

நின்ற நம்பியின் சன்னிதிக்குச் செல்பவர்கள் கொடிமரத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பிற கோயில்களில் காண்பதுபோல அது மூலவருக்கு நேராக நிற்பதில்லை. ஒருபுறமாக விலகி நிற்கிறது. அதற்குக் காரணம் ஒரு பாணர் என்கிறது தல வரலாறு.

நம்பாடுவான் என்பது அவர் பெயர். குலத்தின் காரணமாகக் கோயிலுக்குள் புக வழியில்லாதவர். இரவுதோறும் வெளியே நின்று, கையில் வீணையுடன், நம்பியைப் பாடி வந்தார். ஒரு கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி இரவில், விரதமிருந்து பாடப் புறப்பட்டவரைக் காட்டு வழியில் பிரம்மராட்சசு ஒன்று பிடித்துக்கொண்டது. பல நாள் பசியில் இருந்த அதற்கு அன்று அவரே உணவு.

நம்பாடுவான் உயிருக்கு மன்றாடவில்லை. அவகாசம் மட்டுமே கேட்டார். பாடி முடித்துத் திரும்பி வந்து உடலைத் தருவதாகச் சொன்னார். ராட்சசு நம்பவில்லை. திரும்பி வராவிட்டால் இன்ன இன்ன பாவம் செய்தவன் அடையும் கதியை அடைவேன் என்று அவர் பதினெட்டுச் சபதங்கள் செய்தார். நாராயணனோடு பிற தெய்வங்களைச் சமமாக வைப்பவனின் பாவம் என்னைச் சேரட்டும் என்ற கடைசிச் சபதத்துக்குப் பிறகே பிடி தளர்ந்தது.

அன்றிரவு அவர் பாட, மறைத்து நின்ற கொடிமரம் விலகியது. விடியலில், சொன்னபடியே காட்டை நோக்கி விரைந்தார். வழியில் முதியவர் ஒருவர் தடுத்து, உயிருக்கு ஆபத்து வரும்போது சொன்ன சொல்லை மீறினால் குற்றமில்லை என்று எடுத்துரைத்தார். வந்தவர் நம்பியே. நம்பாடுவான் அவருக்கும் இணங்கவில்லை.

கதை உண்மையில் திரும்புவது இதன் பிறகுதான். உண்பதற்காகக் காத்திருந்த ராட்சசு, அவரைக் கண்டதும் பசியையே மறந்துவிட்டது. இரவெல்லாம் பாடிய பாட்டின் பலனை எனக்குத் தா என்றது. அவர் மறுத்தார். ஒரு யாமத்தின் பலனையாவது தா என்றது, அதற்கும் மறுத்தார். இறுதியில், கைசிகப் பண்ணில் பாடிய அந்த ஒரு பாட்டின் பலன் போதும் என்று காலில் விழுந்தது. அப்போதுதான் தன் கதையைச் சொன்னது. முற்பிறவியில் அவன் சோமசர்மா என்னும் அந்தணன். பொருளாசையால் ஒரு வேள்வியைத் தொடங்கினான். மந்திரமும் முறையும் பிழைபட்டன. வேள்வி நிறைவு பெறுமுன் உயிர் பிரிந்தது. தொடங்கியது முடியாமையால் அவனுக்குப் போக்கிடமும் இல்லாமல் போயிற்று. வேள்வி செய்யும் உரிமை பெற்றவன், கோயில் வாசல் கடக்க இயலாத ஒருவரின் பாட்டைப் பிச்சையாகக் கேட்டு நின்றான். நம்பாடுவான் மனமிரங்கிக் கொடுத்தார். ராட்சச உருவம் நீங்கியது.

வராக புராணத்தின் பகுதியாக வழங்கும் இந்தக் கைசிக மாகாத்மியத்துக்குப் பராசர பட்டர் உரை செய்திருக்கிறார். திருவரங்கத்தில் கைசிக ஏகாதசி இரவில் இது வாசிக்கப்படுகிறது. குறுங்குடியிலோ நாடகமாகவே நடிக்கப்படுகிறது. தேவதாசி மரபினர் காத்து வந்த கைசிக நாடகம் இடையே நலிவுற்று, பேராசிரியர் சே. இராமானுஜம், நடனக் கலைஞர் அனிதா ரத்னம் ஆகியோரின் முயற்சியால் 1999இல் புத்துயிர் பெற்றது. நம்பாடுவானாக வேடம் புனைபவர் பெண்ணே. ஆண்களின் சபதங்களைப் பெண் குரலில் கேட்பது முதலில் வியப்பாகத் தோன்றலாம். சற்று நேரத்தில் அந்த எண்ணமே மறைந்துவிடும்.

அந்த இரவில் உபவாசமிருந்து வருவோர் மண்டபத்தில் தரையிலேயே அமர்கிறார்கள். குழந்தைகள் மடியில் உறங்கிப் போகிறார்கள். ராட்சசு மேடைக்கு வரும் வேளையில் மட்டும் யாரேனும் ஒருவர் அவர்களைத் தட்டி எழுப்பிவிடுகிறார்.