வான்வழிக் கட்டுச்சோறு

நெடும்பயணம் புறப்படுவோர்க்குக் கட்டுச்சோறு கட்டித் தருவது நம் தமிழ் இல்லங்களின் பழைய வழக்கம். நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளிச்சோற்றை வாட்டிய வாழை இலையில் பொதிந்து, மேலே துணி சுற்றி முடிந்து கொடுப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து சென்ற நம் முன்னோரும், மாட்டுவண்டியிலும் இரயிலிலும் உறவினர் ஊருக்குச் சென்ற நம் பெற்றோரும் அம்மூட்டையை நம்பியே வழி நடந்தனர். எத்தனை வேளை, எத்தனை வாய், எவ்விடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துக் கட்டிய மூட்டை அது. போய்ச் சேரும் ஊரில் கொடுக்க வேண்டிய பலகாரம் ஒரு மூட்டை. வழியில் உண்ண வேண்டியது வேறொரு மூட்டை. இவ்விரண்டையும் எவரும் குழப்பிக்கொண்டதில்லை.

இன்றோ, பிள்ளைகளில் ஒருவரேனும் கடல் கடந்து வாழாத குடும்பத்தை நம் பங்குகளில் தேடித்தான் காண வேண்டும். தந்தை முன்னே சென்று வேலையில் அமர்ந்து வீடு பார்த்த பின், தாய் குழந்தைகளை அழைத்துக்கொண்டு புறப்படுகிறாள். புறப்படுவதற்கு முந்திய மாலை, செபித்து ஆசி வழங்குமாறு பங்குக் குருவை அழைக்கிறார்கள். இவ்வாறு நாம் சென்ற இல்லங்களில் கண்டது இதுதான்: சேரும் ஊருக்கான மூட்டை ஒரு மாதமாகக் கட்டப்படுகிறது, வழிக்கான மூட்டை, அதிலும் குழந்தைகட்கான மூட்டை, வாடகைக் கார் வாசலில் வந்து நின்ற பிறகு கட்டப்படுகிறது. பிள்ளை பெறாத சாமியாருக்கு இதில் என்ன பட்டறிவு என்று தாய்மார்கள் கேட்கலாம், கேட்பது நியாயமே. ஆயினும் வழியனுப்பும் வீடுகள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். மேய்ப்புப் பணியின் பொருட்டு நாமும் சிலமுறை நெடுந்தொலைவு பறந்திருக்கிறோம். பறந்து திரும்பிய தாய்மார்கள் சொன்னவற்றையும் மனத்தில் இருத்தியிருக்கிறோம். அவற்றையே இங்கே தொகுத்துரைக்கிறோம்.

2018-ஆம் ஆண்டு சனவரியில் நம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருத்தி, ஏழு வயது மகளோடும் இரண்டு வயது மகனோடும் கனடாவின் டொராண்டோ நகருக்குப் புறப்பட்டாள். சென்னையிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம். அங்கே நான்கு மணி நேரக் காத்திருப்பு. அங்கிருந்து டொராண்டோவுக்கு ஏறத்தாழப் பதினான்கு மணி நேரம். வீட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் நேரத்தையும், நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்று நிற்பதையும் கூட்டினால், அக்குழந்தைகளுக்கு அது ஒன்றரை நாள் பயணம். அந்தச் சின்னவனோ தன் தந்தையைக் கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டு வளர்ந்தவன்.

நாம் சென்றபோது கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்பது கணக்கு. பாட்டியம்மா தராசுக் கொக்கியில் ஒவ்வொரு பெட்டியாக மாட்டித் தூக்கச் செய்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்கு, அதிரசம், வற்றல், வடகம், மகனுக்குப் பிடித்த கருவாடு என்று எல்லாம் உள்ளே இருந்தன. எடை மிஞ்சியது. மிஞ்சியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குழந்தைகளின் கைப்பைக்குள் திணித்தார். அப்பையிலிருந்து சின்னவனின் பழந்துணி ஒன்று வெளியே விழுந்தது. பாட்டியின் நூல்புடவையில் கிழித்த துண்டு அது. அதை முகத்தோடு அணைத்தாலன்றி அவனுக்கு உறக்கம் வாராது. “அழுக்குத் துணி எதுக்கு சாமி? அங்க போனா அவங்கப்பன் புதுப் போர்வை வாங்கித் தருவான்” என்றார் பாட்டியம்மா. அப்போது மூத்தவள் சொன்னாள்: “ஃபாதர், அங்க போறதுக்கு முன்னாடி பிளேன்ல தம்பி தூங்கணுமே!”

அக்குழந்தைக்கு விளங்கியது பெரியவர்கட்கு விளங்கவில்லை. தாய் ஒரு சொல்லும் பேசாமல் முறுக்குப் பொட்டலத்தை வெளியே எடுத்து வைத்து, துணியை உள்ளே வைத்தாள். பாட்டியம்மாவின் முகம் வாடியது, ஆயினும் தடுக்கவில்லை.

விமானத்தினுள் குழந்தையின் உடலுக்கு நிகழ்வது என்ன என்று அறிந்தால், கைப்பையில் வைக்கத் தக்கது எது என்பதும் தானே தெளிவாகும். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கும்போது அதன் உட்புறக் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல் இருப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றே பொதுவாக வைக்கப்படுகிறது. ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலில் பதினான்கு மணி நேரம் ஒரே நாற்காலியில் அமர்ந்திருப்பதற்கு இது ஒப்பாகும். அதனோடு அங்குள்ள காற்று மிகவும் உலர்ந்தது. உதடு வெடிக்கும், மூக்கு காயும், குழந்தைக்குக் காரணம் சொல்லத் தெரியாமல் சிணுங்கல் வரும். ஆகவே வெறும் தண்ணீர்ப் புட்டியைக் கொண்டு சென்று, பாதுகாப்புச் சோதனை முடிந்த பின் நிரப்பிக்கொண்டு, சிறிது சிறிதாகப் பருகக் கொடுக்க வேண்டும்.

காதுவலியை அஞ்சாத தாயில்லை. விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதே அவ்வலி மிகுதி. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் குழல் குழந்தைகட்குக் குறுகலானது. வெளியே அழுத்தம் கூடும்போது காற்று உட்புகுந்து சமனாவதற்கு அது விரைவில் திறப்பதில்லை. விழுங்கும்போது அது திறக்கும். எனவே விமானம் இறங்கத் தொடங்கும் வேளையில், அதாவது தரை தொடுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்பு, கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதும், வளர்ந்த பிள்ளையை எழுப்பி ஏதேனும் பருகச் செய்வதும் நன்று. அந்நேரத்திற்கென ஒரு பங்கைப் பையில் ஒதுக்கி வைப்பவளே முன்யோசனையுள்ள தாய். கெட்டியான மிட்டாயும் வேர்க்கடலையும் மூச்சுக்குழலில் சிக்கக்கூடும். ஆதலால் சின்னஞ்சிறுவர்க்கு அவை ஆகா.

உணவைப் பற்றி ஒரு சொல். குழந்தைகட்குரிய உணவு வேண்டுமெனில் ஒருநாள் முன்னதாகவேனும் விமான நிறுவனத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அது வரும் நேரத்தில் பிள்ளை உறங்கும்; பிள்ளை விழிக்கும் நேரத்தில் அது வாராது. ஆகையால் எண்ணெய் வடியாத, மணம் வீசாத, கையில் ஒட்டாத உணவு சிறிது சிறிதாகப் பல பொட்டலங்களில் இருக்கட்டும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, நிலையத்தில் காத்திருக்கும் முதல் சில மணி நேரத்திற்கு உகந்தது. பொரியும் பிஸ்கட்டும் அதற்குப் பின். பழத்தை இறங்குமுன் உண்டு தீர்த்துவிட வேண்டும். பழம், இறைச்சி, செடிகொடி முதலியவற்றைத் தம் எல்லைக்குள் விடாத நாடுகள் பல. ஐயமுள்ளதை அதிகாரிகளிடம் முன்வந்து சொல்வதே அறமும் பாதுகாப்பும் ஆகும்.

உடைகளைக் குறித்து, சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாம் மேற்கொண்ட ஒரு பயணத்தில் கற்றோம். நமக்கு அடுத்த இருக்கையில் ஒரு தாய் மூன்று வயது மகனோடு இருந்தார். புறப்பட்ட இரண்டாம் மணி நேரத்தில் பையன் வாந்தியெடுத்தான். அவனுக்கு மாற்றுடை மூன்று இருந்தன. தாய்க்கு ஒன்றும் இல்லை. எஞ்சிய எட்டு மணி நேரத்தையும் அவர் ஈரச் சேலையில், விமானத்தார் தந்த போர்வையைச் சுற்றியபடி கழித்தார். பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை வைப்பவர்கள் தமக்கும் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வோர் உடையையும் தனித்தனி நெகிழிப்பையில் வைத்தால், கழற்றிய ஈரத்துணியை அதே பையில் இட்டுக் கட்டிவிடலாம். குளிர்நாட்டுக்குச் செல்வோர் குளிருடையைக் கையிலேயே கொண்டு செல்ல வேண்டும். சென்னையின் சனவரி வேறு; டொராண்டோவின் சனவரி வேறு. அங்கே பனி பெய்யும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே நிற்கும். பெட்டி வந்து சேருமுன் பிள்ளைக்கு நடுக்கம் வந்துவிடும்.

மருந்தைக் குறித்துச் சற்று அழுத்தமாகவே கூற விழைகிறோம். ‘வழியெல்லாம் தூங்கட்டும்’ என்று சளி மருந்தைக் குழந்தைக்கு ஊற்றிக் கொடுத்து விமானமேறும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது தகாது. மயக்கந்தரும் மருந்து சிறு குழந்தையின் மூச்சைத் தளர்த்தக்கூடும். சில பிள்ளைகளுக்கு உறக்கத்திற்கு மாறாகப் படபடப்பையும் ஓயாத அழுகையையும் தரும். மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளே போதும். காய்ச்சலுக்கான மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்பக் கேட்டு எழுதி வாங்கி, அச்சீட்டையும் மருந்தையும் ஒன்றாகக் கைப்பையில் வைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் எக்காரணம் பற்றியும் பெரிய பெட்டிக்குள் போகலாகாது.

இனி விதிகள். 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில், இலண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. அதன்பின் கைப்பையில் திரவப்பொருள் 100 மில்லி லிட்டருக்கு மிகாத புட்டிகளிலேயே செல்லலாம் என்ற கட்டுப்பாடு உலகெங்கும் பரவிற்று. சில நிலையங்களில் அது இப்போது தளர்ந்திருப்பினும், இடையில் மாறும் நிலையத்தில் தளர்ந்திராமல் இருக்கலாம். கைக்குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. அவற்றைத் தனியே எடுத்துக் காட்டினால் போதும். கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே செல்லலாம். பெரிய பெட்டியில் வைத்தல் தடை. பாட்டிமார் பாசத்தோடு வைக்கும் கொப்பரைத் தேங்காயோ எளிதில் தீப்பற்றும் என்பதால் விலக்கப்பட்ட பொருள். தாய் மட்டும் குழந்தைகளோடு செல்கையில், தந்தையின் ஒப்புதல் கடிதமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருத்தல் நலம்.

விளையாட்டுப் பொருள்கள் பல வேண்டா. ஒரு வரைதாள் கட்டு, ஆறு வண்ணக்குச்சிகள், ஒரு கதைப்புத்தகம், பிள்ளை இதுவரை காணாத சிறு பொருள்கள் மூன்று அல்லது நான்கு. அவற்றைத் தாளில் சுற்றி வைத்து, சில மணி நேரத்திற்கு ஒன்றாகக் கொடுக்கலாம். பொட்டலத்தைப் பிரிப்பதிலேயே கால்மணி நேரம் கழியும். ஒலியெழுப்புவனவும், உருண்டோடி இருக்கைக்கடியில் ஒளிவனவும் வேண்டா. பிறரும் உறங்க வேண்டுமன்றோ?

அந்த டொராண்டோ குடும்பத்திற்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் இறங்கியபோது பெரிய பெட்டிகளில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாள் கழித்தே வந்தன. அது புதுமையன்று. பன்னாட்டுப் பயணத்திற்கான 1999-ஆம் ஆண்டு மொன்றியால் உடன்படிக்கையின்படி, 21 நாள் கடந்தும் வாராத பெட்டியையே தொலைந்ததாகக் கொள்ளலாம்; அதுவரை அது வெறும் தாமதமே. அவ்விரண்டு நாளும் அக்குடும்பம் கைப்பையைக் கொண்டே சமாளித்தது. மருந்து இருந்தது, குளிருடை இருந்தது, துணி இருந்தது. சின்னவன் திரையில் மட்டுமே கண்ட தந்தையிடம் முதலில் போக மறுத்தானாம். தந்தை அவனைத் தொடாமல் அருகே அமர்ந்து, அப்பழந்துணியை மடித்து அவன் கையில் கொடுத்தாராம். துணியை முகர்ந்துகொண்டே அவர் தோளில் உறங்கிவிட்டான் என்று தாய் பின்னொரு நாள் நமக்கு எழுதியிருந்தாள். பாட்டியம்மாவுக்கு அக்கடிதத்தை நாமே படித்துக் காட்டினோம். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “அந்தப் புடவையில இன்னும் பாதி இருக்கு சாமி” என்றார்.

கோடை விடுமுறையில் புறப்பட ஆயத்தமாகும் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. முதலில் குழந்தையின் கைப்பையைக் கட்டுங்கள். அதன்பின் மற்றப் பெட்டிகளைத் திறவுங்கள். பையைக் குழந்தையின் கண்முன்னே அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று அதன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தன் பையைத் தானே தோளில் மாட்டிக் கூடத்தைச் சுற்றி இருமுறை நடந்து பார்க்கட்டும். சுமக்க இயலவில்லை எனில், எதை எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்யுமுன் அப்பிள்ளையைக் கேளுங்கள்.