ஆச்சி வீட்டு மொசைக் தரையை மூடச் சொன்னது நான்தான்!

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. கனமழையால் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. சென்னையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை அப்டேட் செய்துகொண்டே இருந்தேன். அதே ஊரில்தான் என் ஆச்சி தனியாக இருந்தார். போன் சுவிட்ச் ஆஃப். பக்கத்து வீட்டு மாடியில் பத்திரமாக இருக்கிறார் என்று தெரிய இரண்டு நாள் ஆனது.

ஒரு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். கட்டில், மெத்தை, பீரோவில் இருந்த புடவைகள் எல்லாம் குப்பை. சகதியை வாரிக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தபோது மொசைக் தரை வெளியே வந்தது. 1978-ல் தாத்தா போட்ட தரை. பழுப்பேறி, பொலிவில்லாமல் கிடந்தது.

“இது மேலேயே டைல்ஸ் ஒட்டிரலாம் ஆச்சி. இ.எம்.ஐ. நான் கட்டுதேன்” என்றேன்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “போட்டவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுட்டி. அப்புறம் ஒன் இஷ்டம்” என்றார்.

வந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல். இந்தத் தரையைப் போட்டபோது கையாளாக வேலைக்கு வந்தவராம். நான் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிட்டேன். சுத்தியல் காம்பால் அங்கங்கே தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். “பொத்தல் சத்தம் இல்ல. தரை கெட்டியாத்தான் இருக்கு” என்றார். பிறகு ஒரு சொம்பு தண்ணீரைக் கூடத்தின் நடுவில் ஊற்றினார். ஈரம் பட்ட இடத்தில் மட்டும் வெள்ளை, கறுப்பு, பச்சைச் சில்லுகள் பளிச்சென்று தெரிந்தன.

“பாத்தியா தாயி? பாலிஷ் போட்டா இப்படித்தான் இருக்கும். அழுக்கு மேலதான். கல்லு அப்படியேதான் இருக்கு.”

மொசைக் என்றால் மேலே ஒட்டுகிற ஏதோ ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அண்ணாச்சி சொன்னது வேறு கதை. முதலில் கீழே கான்கிரீட். அதன்மேல் கண்ணாடிப் பட்டைகளைச் செங்குத்தாக நட்டுக் கட்டம் கட்ட வேண்டும். சிமென்ட் காயும்போது சுருங்கும். தரை முழுக்க ஒரே பரப்பாக இருந்தால் கண்ட இடத்தில் விரிசல் விடும். அதைத் தடுக்கத்தான் பட்டை. அழகுக்கு என்று நாம் நினைப்பது உண்மையில் பாதுகாப்பு. பிறகு மூன்று பங்கு சிமென்டுக்கு ஒரு பங்கு பளிங்குத் தூள், கூடவே நிறப்பொடி, பளிங்குச் சில்லு எல்லாம் கலந்து கட்டங்களில் நிரப்பி, உருளையால் அழுத்த வேண்டும்.

அப்போது பார்த்தால் வெறும் சிமென்ட் தரைதான். சில்லு ஒன்றுகூடச் சரியாகத் தெரியாது. தண்ணீர் கட்டி நாள்கணக்கில் ஊறவிட்டு, 60-ம் நம்பர் கல்லால் தேய்க்கத் தேய்க்கத்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். சின்னச் சின்ன ஓட்டைகளை அதே நிறச் சிமென்ட் பூசி அடைத்து, 120, அப்புறம் 320 என்று கல்லை மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள். கடைசியில் ஆக்சாலிக் பவுடர் போட்டு மெருகு. “மெஷின் மூலைக்கு வராது. ஓரமெல்லாம் முட்டி போட்டுக் கையாலதான் தேய்க்கணும். இந்த வீட்டு ஓரம் பூராவும் என் கைதான்” என்றார்.

இந்தக் கலைக்கு வயது அதிகம். இன்றைய இராக்கில் உள்ள உருக் நகரத்தில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே சுட்ட களிமண் கூம்புகளைச் சுவரில் செருகி, அவற்றின் வண்ணத் தலைகளால் கோலம்போல வடிவங்கள் அமைத்திருக்கிறார்கள். ரோமானியர்கள் கல்லைச் சிறு சிறு சதுரமாக வெட்டிப் படமே வரைந்தார்கள். பாம்பெய் நகரத்தில் 1831-ல் கிடைத்த அலெக்சாண்டர் போர்க்காட்சி அப்படி ஒரு தரைதான். பளிங்கு வேலையில் மிஞ்சிய சில்லுகளைக் காரையில் பதித்துத் தேய்த்தவர்கள் வெனிஸ் தொழிலாளர்கள். ‘டெராஸோ’ என்று உலகம் சொல்லும் அதைத்தான் நாம் ‘மொசைக்’ என்கிறோம்.

நம் பக்கம் அதற்கு முன்பு சுண்ணாம்புக் காரை. தூத்துக்குடிக் கடற்கரையில் சிப்பி, சங்கைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். 1949-ல் திருநெல்வேலி பக்கம் தாழையூத்தில் சிமென்ட் ஆலை வந்தது. பின்னால் கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் மொசைக் ஏறியது. ‘மொசைக் போட்ட வீடு’ என்றால் பெண் கொடுக்க யோசிக்காத காலமும் இருந்ததாம்! டைல்ஸ் சில நாள்களில் ஒட்டி முடிக்கிற வேலை. மொசைக் வாரக்கணக்கில் இழுக்கும். அவசரத்தில் தோற்றுப்போன தொழில் இது.

“ஒன் தாத்தாவுக்குக் கையில காசு இல்ல. என் ரெட்டை வடச் சங்கிலிய வித்துத்தான் போட்டது” என்றார் ஆச்சி. இத்தனை வருடங்களில் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆச்சிக்குக் கண் அழுத்த நோயால் பார்வை பாதிதான். சுவரோரம் ஓடும் கறுப்பு பார்டரைப் பார்த்துத்தான் இரவில் பாத்ரூமுக்கு நடப்பாராம். அதுவும் எனக்குத் தெரியாது. அதை மூடத்தான் நான் இ.எம்.ஐ. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஈரம் நன்றாகக் காயட்டும் என்று மாசி வரை காத்திருந்தோம். பிறகு நாலு நாள் மெஷின் ஓடியது. வீடெல்லாம் வெள்ளைப் பால்போலச் சேறு. மூலைகளில் அண்ணாச்சி முட்டி போட்டார். வயதாகிவிட்டதே என்று தடுத்தேன், கேட்கவில்லை. டைல்ஸுக்குக் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை.

அடுப்படியில் அம்மி விழுந்து பெயர்ந்த ஓர் இடத்துக்கு மட்டும் புதுக்கலவை போட்டார். எவ்வளவு பார்த்துக் கலந்தும் நிறம் ஒட்டவில்லை. “நாப்பத்தஞ்சு வருசத்து நிறம் ஒரு நாள்ல வருமா தாயி?” என்றார்.

கடைசி நாள் கழுவிவிட்டதும் ஆச்சி வெறுங்காலோடு கூடத்துக்கு வந்தார். நடுவில் இருந்த பூ அருகே நின்று குனிந்து பார்த்தார். “மஞ்சப் பூவுல்லா... நான் வெள்ளைன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்” என்றார்.