ஜெபித்தவர் வைத்த கணக்கு

கூட்டம் தொடங்கும்போது ஒரு ஜெபம், முடியும்போது ஒரு ஜெபம். நடுவில் நடப்பதுதான் வேலை. பல சபைகளிலும் மிஷன் அமைப்புகளிலும் பழக்கம் இப்படித்தான் இருக்கிறது. கமிட்டி கூடி, பட்ஜெட் போட்டு, யார் யாரிடம் நன்கொடை கேட்பது என்று பட்டியலும் எழுதிய பிறகு, "ஒரு வார்த்தை ஜெபித்து முடிப்போம்" என்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்து பார்த்த மனிதர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் முல்லர். கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, பி.காம். படிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள். ஏனென்றால் தன் ஜெபங்களுக்கே கணக்கு எழுதி வைத்தவர் அவர்.

முல்லர் 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தார். அப்பா வரி வசூலிக்கும் அதிகாரி. அவரிடம் இருந்த அரசாங்கப் பணத்திலேயே கை வைத்த பிள்ளை இவர். விடுதியில் தங்கிவிட்டுப் பணம் கட்டாமல் போனதற்காக 16 வயதில் சிறைக்கும் போனார். 1825-ல் ஹாலே நகரத்தில் ஒரு வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்திற்குப் போனபோதுதான், ஒருவர் முழங்காலில் நின்று ஜெபிப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். (அப்போது அவர் பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவர் என்பது வேடிக்கை!)

பிறகு இங்கிலாந்துக்கு வந்து போதகரானார். 1830-ல், தனக்கு நிரந்தரச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆலயத்து இருக்கைகளுக்கு வாடகை வசூலித்து, அதில் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். பணக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு மூலை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. 1832-ல் பிரிஸ்டல் நகரத்திற்குப் போனார்.

அங்கே தினமும் 14, 16 மணி நேரம் உழைக்கும் ஒரு விசுவாசியை அவர் சந்தித்தார். உடம்பு கெடுகிறது, ஜெபிக்க நேரமில்லை. வேலையைக் குறைக்கக் கூடாதா என்றால், குறைத்தால் குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்கிறார். நியாயமான கேள்விதானே? "தேவன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த மனிதர் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு அத்தாட்சி வேண்டும் என்று முல்லருக்குத் தோன்றியது. அநாதை இல்லம் தொடங்கியதன் முதல் நோக்கமே அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். மனிதர் யாரிடமும் கேட்காமல், ஜெபத்தினால் மட்டும் பிள்ளைகளைப் பராமரித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகளின் நலன் அதற்கு அடுத்ததுதான். இதைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் மறைக்காமல் எழுதிய நேர்மைக்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

வீட்டுக்காக ஜெபித்தார், பணத்துக்காக ஜெபித்தார், வேலையாட்களுக்காக ஜெபித்தார். ஒவ்வொன்றாக வந்தது. வந்த தட்டுகள் இத்தனை, கோப்பைகள் இத்தனை என்று எண்ணி எழுதி வைத்தார். 1836 பிப்ரவரியில், பிள்ளைகளைச் சேர்க்க விண்ணப்பம் வாங்கும் நாள் வந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒருவர்கூட வரவில்லை! வீடு திரும்பும்போதுதான் உறைத்தது: எல்லாவற்றையும் கேட்டாயிற்று, பிள்ளைகளை மட்டும் கேட்கவே இல்லை. அநாதைகளுக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டார். அன்று சாயங்காலம் அதற்காக ஜெபித்தார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரலில் இல்லம் திறந்தது.

1838 செப்டம்பருக்குள் பிள்ளைகள் பலர் சேர்ந்துவிட்டார்கள். கையிருப்போ தீர்ந்துகொண்டிருந்தது. கடன் வாங்குவதில்லை, வெளியே யாரிடமும் நிலைமையைச் சொல்வதில்லை என்பது அவர் வைத்திருந்த விதி. உடன் வேலை செய்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் சேர்ந்து ஜெபித்தார்கள்; கூடவே தங்கள் கையில் இருந்ததையும் கொடுத்தார்கள். ஜெபித்துவிட்டுச் சட்டைப்பையை மூடிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நாட்களில் லண்டனிலிருந்து வந்த ஒரு பெண்மணி காணிக்கைப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலைந்து நாட்களாக இல்லத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் தங்கியிருந்திருக்கிறார். பணமும் அவரிடமேதான் இருந்திருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள் காசுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்! உதவத்தான் வேண்டும் என்று தேவன் முதலிலேயே தீர்மானித்துவிட்டார், ஆனாலும் பிள்ளைகள் கேட்பதில் அவருக்குப் பிரியம் என்று முல்லர் இதை எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். வருடா வருடம் வரவு செலவு அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டாரே, அதுவே மறைமுகமான விளம்பரம்தானே? மறுக்க முடியாத கேள்வி. அறிக்கையைப் படித்தவர்கள் பணம் அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் 1841 கடைசியில் கையிருப்பு மிகவும் குறைந்தபோது முல்லர் என்ன செய்தார் தெரியுமா? அறிக்கையைத் தள்ளிப்போட்டார். பொதுக்கூட்டத்தையும் தள்ளிப்போட்டார். இப்போது வெளியிட்டால் அது பிச்சை கேட்பதாகிவிடும் என்றார். பணம் இல்லாத நேரத்தில் பணம் வரக்கூடிய ஒரே கதவைத் தானே சாத்துவதென்றால், ஜெபத்தை உண்மையாகவே நம்பினால்தான் முடியும்.

1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2,000 பிள்ளைகளுக்கு மேல் தங்க இடம் இருந்தது. வேறு மிஷனரிகளுக்கும் அவர் பணம் அனுப்பினார். சீனாவுக்குப் போன ஹட்சன் டெய்லரின் ஆட்கள் அவர்களில் முக்கியமானவர்கள். டெய்லரின் கதையும் இதே ஜாதிதான். 1865 ஜூனில் பிரைட்டன் கடற்கரையில் 24 ஊழியர்களைக் கேட்டு ஜெபித்துவிட்டு, சீன உள்நாட்டு மிஷன் என்ற பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கினார். போட்ட தொகை 10 பவுண்டு. மறுவருடம் மே மாதம் கப்பல் ஏறிவிட்டார்கள்.

திருநெல்வேலிக்கும் இதில் பங்கு உண்டு. முல்லரின் மனைவி மேரியின் அண்ணன் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-ல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்தவர் அருளப்பன் என்ற தமிழர். கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள், ஆகவே சம்பளம் வேண்டாம் என்றார் அவர். 1840-ல் கிறிஸ்டியன்பேட்டை என்ற கிராமத்தை உண்டாக்கி அங்கிருந்து ஊழியம் செய்தார்.

எல்லா ஜெபத்துக்கும் கேட்டபடியே பதில் வந்தது என்று முல்லர் எழுதவில்லை. 1870-ல் மேரி இறந்தார். 1844 நவம்பரில், ஐந்து பேர் மனந்திரும்ப வேண்டும் என்று தினமும் ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். ஒன்றரை வருடத்தில் ஒருவர், அதன்பின் ஐந்து வருடத்தில் இன்னொருவர், மேலும் ஆறு வருடத்தில் மூன்றாமவர். மீதி இரண்டு பேர், 36 வருடங்கள் கழித்து அவர் இதைச் சொன்னபோதும் மாறியிருக்கவில்லை. வீட்டில் இருந்தாலும் பயணத்தில் இருந்தாலும், ஒருநாளும் விடாமல் அந்த இரண்டு பேருக்காகவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.