ஸ்டான்லி மருத்துவர்களுக்கு மதுரை மேலூரிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் எஸ். ஜெஸ்வந்த் அவர்களுக்கும், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பழைய சோறு ஆய்வில் அவரோடு பணியாற்றிய அனைவருக்கும்,

என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோய். ரத்தமாகப் போனதைப் பல மாதம் மூலம் என்றே சொல்லி மருந்து கொடுத்தார்கள். கொலனோஸ்கோபி செய்த பிறகுதான் பெருங்குடல் முழுக்கப் புண் என்று தெரிந்தது. அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, இனிமே நான் என்னதான் சாப்பிடுறது?" ஊரில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். காரத்தை விடு, மோரை விடு, கடைசியில் சோற்றையே விடு என்றார்கள்.

நீங்கள் அந்தக் கேள்வியை மதித்தீர்கள். குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று அரசு நிதியில், அரசு மருத்துவமனையிலேயே ஆராயத் துணிந்தீர்கள். பழைய சோற்றைப் புகழ ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தீர்களே, அதற்குத்தான் இந்த நன்றி.

பழைய சோறு உதவக்கூடும் என்று எண்ணக் காரணம் உண்டு. வெந்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்னும் அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் உட்சுவருக்கு அதுதான் முக்கிய உணவு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயில் அத்தகைய பாக்டீரியாக்கள் குறைந்துபோகின்றன. செரிக்காத மாவுச்சத்தின் பலனை வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2000இலேயே காலரா நோயாளிகளிடம் காட்டினார்கள்: உப்பு சர்க்கரைக் கரைசலில் அதைக் கலந்து கொடுத்ததும் வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. குடல் நுண்ணுயிர்களும் உணவும் இந்த நோயில் முக்கியம் என்பதற்கும் சான்று உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் 66 கொலைட்டிஸ் நோயாளிகள். ஆரோக்கியமான கிராமத்து மக்களின் குடல் நுண்ணுயிர்களையும் அழற்சி தணிக்கும் உணவையும் சேர்த்துப் பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்கு எட்டு வாரத்தில் நோய் தணிந்தது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் அது 32 சதவீதம்.

தங்கை மெசலமைன் மாத்திரையை ஒருநாளும் விடவில்லை. நோய் அடங்கியபின், அவளுடைய மருத்துவரைக் கேட்டு, காலையில் நீராகாரமும் பழைய சோறும் சாப்பிடுகிறாள். இப்போது நன்றாக இருக்கிறாள். எதனால் தேறினாள் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. உங்களைப் போன்றோரின் ஆய்வுதான் அதைச் சொல்ல முடியும்.

சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மக்களெல்லாம் நம்பி வரும் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் இந்த ஆய்வைக் கொண்டுவாருங்கள். இதைப் படிக்கும் மதுரைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவுகட்டாமல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பழைய சோற்றை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.