வயர் சொருகியிருந்தது

கிட்டங்கி வீதியில் தண்ணீர் ஏறிவிட்டால் எங்கள் சவளக்கடைக்கும் கல்முனைக்கும் இடையில் போக்குவரத்து நின்றுவிடும். பெரும்போக வயல்களெல்லாம் கடல்போலக் கிடக்கும். அப்படியொரு நவம்பர் மாத மழைக்காலத்தில்தான் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி பழுதானது.

அன்று அஸர் தொழுதுவிட்டு உம்மா பக்கத்து வீட்டுக்குப் புறப்பட்டார். "மழை இருட்டிட்டு வருது. டீவி வயரைக் கழட்டிப் போடு மகள்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் பார்த்துக்கொண்டிருந்த நாடகம் முடிய இன்னும் பத்து நிமிடமிருந்தது. முடியட்டும் என்று இருந்துவிட்டேன். திடீரெனக் குசினியில் தொங்கிய பழைய குண்டு பல்ப் என்றுமில்லாதவாறு பளீரென்று எரிந்தது. மின்விசிறி வேகமெடுத்துச் சுழன்றது. டீவிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், படம் மறைந்தது. சற்று நேரத்தில் கரண்டும் போய்விட்டது.

ஓடிப்போய் வயரைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். உம்மா வந்து கேட்டபோது, "அப்பவே கழட்டிட்டேன் உம்மா" என்றேன்.

இரவு கரண்ட் வந்தது. ஓதப்போய் வந்த தம்பிதான் வயரைச் சொருகினான். டீவி வேலை செய்யவில்லை. கீழே எரியும் சிவப்பு விளக்குக்கூட வரவில்லை. "மழையோட என்னத்துக்குடா சொருகின நீ? வாப்பா கத்தாரிலிருந்து கொண்டுவந்த சாமானை நாசமாக்கிட்டாயே!" என்று உம்மா அவனை ஏசினார். ஒன்பது வயதுப் பிள்ளை. தான்தான் அதைக் கெடுத்துவிட்டதாக அவனே நம்பிவிட்டான். நான் வாய் திறக்கவில்லை.

அந்த டீவி எங்களைவிட மூத்தம்மாவுக்கே அதிகம் தேவைப்பட்டது. ஹஜ்ஜுக்குப் போக வேண்டுமென்பது அவருடைய வாழ்நாள் ஆசை. இப்போது முழங்கால் விடுவதில்லை. இங்கு இஷா தொழுதுவிட்டு எட்டு மணிபோல் அவர் டீவிக்கு முன்னால் வந்து அமர்வார். மக்காவின் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் அது. ஹரமின் நேரடி ஒளிபரப்பைக் கண் கொட்டாமல் பார்ப்பார். அன்று இரவும் இருண்ட திரைக்கு முன்னால் வந்து அமர்ந்து, "இன்னும் கரண்ட் வரல்லியா?" என்று கேட்டார். தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாமல் நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அதே சொக்கட்டில் மேசை விளக்கைச் சொருகினேன், எரிந்தது. ஆகவே சொக்கட்டில் பிழையில்லை. வயரைக் கழற்றி, டீவியின் சுவிட்சை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் சொருகினேன். பலனில்லை. பிளக்கைத் திறந்து, அதிலிருந்த பியூஸை எடுத்துவிட்டு அயன் பெட்டியின் பியூஸைப் போட்டேன். அப்போதும் சிவப்பு விளக்கு வரவில்லை. கடைசியாகப் பின்மூடியைக் கழற்ற ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். தம்பி பார்த்துவிட்டு, "வேணாம் ராத்தா, உங்களுக்கும் ஏச்சு விழும்" என்றான். என் கை நின்றுவிட்டது. அந்த நாட்களில் அவன் எந்தச் சுவிட்சையும் தொடவில்லை. அறை விளக்கைப் போடுவதற்கும் என்னையே கூப்பிட்டான்.

மூன்றாம் நாள், ஆற்றுக்கு எங்கள் பக்கமாயிருக்கும் அன்னமலையிலிருந்து டீவி திருத்துகிற ஒருவர் சைக்கிளில் வந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போகேக்க வயர் சொருகி இருந்ததா?" என்பதுதான்.

"இல்ல தம்பி, மகள் கழட்டிட்டா. பிறகு சின்னவன்தான் சொருகினான்" என்றார் உம்மா.

அவர் யோசித்தார். "அப்ப கரண்ட் வழியா வந்திருக்காது. டிஷ் வயரால மின்னல் இறங்கியிருக்கும். அப்படியென்டா மெயின் போர்ட்தான். செலவு கூடும், அக்கா."

உம்மாவின் முகம் வாடியது. தம்பி கதவுக்குப் பின்னால் நின்றான். இனியும் மறைத்தால், என் பொய்யை நம்பி அவர் பிழையான இடத்தைத் தேடுவார். அதற்கான காசை வாப்பா வெயிலில் உழைத்து அனுப்ப வேண்டும்.

"வயர் சொருகித்தான் இருந்தது. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்ப் பளீரென்று எரிந்தது" என்றேன்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ கழன்றாலோ, 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கியும் வரலாம். சில வீடுகளில் பல்ப் பளீரிடும், சிலவற்றில் மங்கும் என்றார். பவர் போர்டில் கருகிக் கிடந்த சிறு வட்டத் தகடொன்றைக் காட்டினார். வேரிஸ்டர் என்பது அதன் பெயர். அழுத்தம் அளவு மீறினால் அது மின்னைத் தன்வழியே பாயவிட, உள்ளேயிருக்கும் பியூஸ் எரிந்து மற்ற பாகங்கள் தப்பிக்கொள்ளும். அந்த இரண்டையும், தலை வீங்கியிருந்த ஒரு கொள்ளளவியையும் மாற்றினார். மெயின் போர்ட்டுக்கு ஒன்றுமில்லை.

நான் மாற்றிய பியூஸைக் கண்டு கண்டித்தார். டீவிக்கு 3 அல்லது 5 அம்பியர் போதும். 13 அம்பியரைப் போட்டால் பாதுகாப்பே இல்லையாம். பின்மூடியைக் கழற்றப் பார்த்ததையும் சொன்னேன். வயரைக் கழற்றிய பிறகும் பெரிய கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும் என்றார். கொள்ளளவியின் மின்னேற்றத்தைப் பற்றிப் பரீட்சையில் முழுப் புள்ளி எடுத்தவள் நான். தலை குனிந்தேன்.

"சுவிட்சைப் போடுங்க" என்றார் அவர். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் உம்மாவைப் பார்த்தான். உம்மா அவன் தலையைத் தடவி, "நீ போடு மகன்" என்றார். சிவப்பு விளக்கு வந்தது.

உம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. இரண்டு நாட்கள் என்னோடு பேசாமலிருந்தார். அதுதான் பெரிய தண்டனை. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப நான் கெடுக்கல்ல, என ராத்தா?" என்று மட்டும் கேட்டான்.

சகோதரிகளே, இடி முழங்கினால் டீவியின் கரண்ட் வயரோடு டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே பழுதாகிவிட்டிருந்தால், திருத்த வருபவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல எனக்கு மூன்று நாட்கள் எடுத்தன. அந்த மூன்று இரவும் மூத்தம்மா இருண்ட திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.